கவுன்சிலரம்மா போட்ட வளையல்

தனம் கவுன்சிலர் ஆனதில் தனத்தின் உழைப்பு என்று பார்த்தால், போஸ்டருக்குக் கும்பிட்டு நின்றதும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதும்தான். வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று சேதி வந்த அன்று அவள் புருஷன் தசரதனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் தெளிந்து, நீ நில்லு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவள் நின்றாள், அவன் பார்த்துக்கொண்டான். ஜெயித்த பிறகு லெட்டர் பேடும் ரப்பர் ஸ்டாம்பும் அவன் பைக் பெட்டிக்குள் போயின. தெருவில் அவனைக் கவுன்சிலர் என்று கூப்பிட்டார்கள். அவளைக் கவுன்சிலரம்மா என்றார்கள், கவுன்சிலர் வீட்டம்மா என்கிற கணக்கில்.

இதில் தனத்துக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பெண்கள் அவளிடம் வருவார்கள், அவள் சாயங்காலம் அவனிடம் சொல்வாள், அவன் யாருக்காவது போன் போடுவான். அவளுக்கென்று ஊரில் இருந்த பேர் வேறு. வளையல் போடுவதில் கைராசிக்காரி. அவள் பிறந்த வீடு தேரடியில் வளையல் கடை. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமாகியும் சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டில் வளைகாப்பு என்றாலும் தனத்துக்குத்தான் முதலில் ஆள் போகும்.

கண்ணாடி வளையல் போடுவது சாமானிய வேலை இல்லை. கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, விரல் கணுக்களைச் சேர்த்து அமுக்கி, ஒரு திருகு. அவ்வளவுதான், வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். ஆனால் பாதி வேலை போடுகிறவளுடையது, பாதி வேலை கை கொடுக்கிறவளுடையது. இஷ்டப்பட்டுக் கொடுத்த கை நனைத்த துணி மாதிரித் துவளும். இஷ்டமில்லாத கை விறைத்துக்கொள்ளும். பாவாடை கட்டிய வயசிலிருந்து ஊரார் கையைப் பிடித்துப் பழகிய தனத்துக்கு இந்த வித்தியாசம் தூக்கத்திலும் தெரியும். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். எனக்கென்ன தெரியும், யார் கண்டது என்று பிற்பாடு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் போகிறாள். அப்போது நீங்கள் நம்பிவிடக் கூடாது.

செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் டாக்டர் அனுபமாவின் ஆஸ்பத்திரி இருக்கிறது. பிரசவம் பார்ப்பார்கள். சட்டத்துக்கு உட்பட்டுக் கருக்கலைப்பும் செய்வார்கள். ஊருக்கே அரசல்புரசலாகத் தெரிந்த விஷயம். அதன் எதிரில்தான் விமல்ராஜ் பந்தல் போட்டார். வேங்கிக்கால் பக்கம் கலெக்டர் ஆபீசைச் சுற்றி மனை போட்டு விற்கிறவர் விமல்ராஜ். திடீரென்று அவருக்குப் பிறக்காத பிள்ளைகள் மேல் பாசம் பொங்கி, சிசு காப்பு மன்றம் என்று ஒன்றை ஆரம்பித்தார். முதலில் மைக் கட்டிக் கொலை, கொலை என்று கத்தினார்கள். போலீஸ் வந்து மைக்கை அவிழ்த்துப் போட்டது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. கத்தினால்தானே கேஸ்? உள்ளே போகிற பெண்களுக்கு வளையல் போட்டு, குங்குமம் வைத்து, ஒரு டம்ளர் மோர் கொடுத்தால் எந்தச் சட்டத்தில் பிடிப்பார்கள்? வெள்ளிக்கிழமைதோறும், பௌர்ணமிதோறும் வளையல் பந்தல் என்று முடிவானது. திறந்துவைக்கக் கைராசிக்காரி ஒருத்தி வேண்டும், அவள் கவுன்சிலராகவும் இருந்துவிட்டால் இன்னும் விசேஷம்.

தசரதன் வந்து சொன்னதும் தனம் குளிர்ந்துபோனாள். குடிநீர்த் தொட்டி திறந்தபோதும் சாலை பூஜை போட்டபோதும் அவளைச் சும்மா நிற்கவைத்துவிட்டு அவன்தான் கத்தரிக்கோலைப் பிடித்தான். இது அவளுடைய வேலை. அதை அவன் பிடுங்க முடியாது. அந்த ஆஸ்பத்திரிக்கு எல்லாருமா பிள்ளை பெறவே போகிறார்கள் என்று ஒரு நினைப்பு உள்ளே எட்டிப் பார்த்தது. பட்டுப்புடவையை எடுத்து உதறியதில் அந்த நினைப்பும் போய்விட்டது.

பந்தல் திறந்த அன்று முதலில் வந்தவள் ஒரு சின்னப்பெண். தெருமுனையிலேயே ஆட்டோவை அனுப்பிவிட்டு, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, காலில் ஓட்டப்பந்தய ஷூவோடு வேகமாக நடந்து வந்தாள். கூட யாரும் இல்லை. பந்தல் பெண்கள் எழுந்து போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். வாம்மா, நல்ல நேரத்துக்கு வந்தே, நீதான் போணி என்றார்கள். அவள் தலையை ஆட்டினாள்.

"வேணாங்க. நான் வேற வேலையா வந்தேன். உடுங்க, போகணும்" என்றாள்.

தனம் கையை எட்டிப் பிடித்தாள். கை இரும்பாக இருந்தது. விரல்களை உள்ளே மடக்கி இறுக்கிக்கொண்டிருந்தாள். தனத்தின் கைக்கு அந்தக் கணமே எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனால் சுற்றி நாலு செல்போன் தூக்கிக்கொண்டு நின்றது, தசரதன் ஓரமாக நின்று இந்தப் பக்கம் திரும்பு என்று ஜாடை காட்டினான், விமல்ராஜ் கைதட்டத் தயாராக இருந்தார். தனம் சிரித்த முகம் மாறாமல் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கட்டை விரலை மடக்கி அமுக்கினாள். பச்சை வளையல் ஒன்று, இரண்டு, மூன்று உள்ளே போயிற்று. நாலாவது படக்கென்று உடைந்தது. அவள் போட்டு வளையல் உடைந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சில்லு கீறி அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் ரத்தம் கோடாக வந்தது. திருஷ்டி கழிந்தது என்றார்கள் பந்தல் பெண்கள். தனமும் ஆமாம் என்றாள். யாரோ துண்டுகளைக் காலால் ஒதுக்கினார்கள், யாரோ குங்குமம் வைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள்.

எத்தனாவது மாசம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வெட்கம் என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் ஆஸ்பத்திரி கேட்டை ஒரு தடவை பார்த்தாள். கூப்பிடு தூரம்கூட இல்லை. பிறகு திரும்பி, வந்த வழியே போய்விட்டாள். வளையல் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அவள் கேட்டுக்குள் போகவில்லை என்பதைத் தனம் பார்த்தாள். பார்த்துவிட்டு, அடுத்த பெண்ணுக்கு வளையலை எண்ணி எடுக்கத் திரும்பினாள்.

அந்தப் போட்டோ பிரமாதமாக வந்திருந்தது. தனத்தின் முகம் முழு நிலா மாதிரி. அந்தப் பெண்ணின் முகம் பாதி திரும்பியிருந்தாலும், தெரிந்தவர்களுக்கு அடையாளம் தெரியும். அன்று சாயங்காலத்துக்குள் அது நூறு பேருடைய ஸ்டேட்டசில் ஏறிவிட்டது. விமல்ராஜ் அதையே ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிப் பேனர் அடித்துப் பந்தலின் நெற்றியில் கட்டினார்.

சில மாதம் கழித்து டாக்டர் அனுபமா நகர மன்றத்துக்கு மனு கொடுத்தார். வேறொரு பெண் கவுன்சிலர் அதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நூறு மீட்டருக்குள் பந்தல், மைக், பேனர், கூட்டம் எதுவும் கூடாது. வருகிறவர்களை மறிக்கவோ கையைப் பிடிக்கவோ போட்டோ எடுக்கவோ கூடாது. திட்டினாலும் சரி, வாழ்த்தினாலும் சரி. இதுதான் தீர்மானம்.

டாக்டர் பேச ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். அவர் நயினார் வீட்டுப் பெண், வந்தவாசிப் பக்கத்து ஜைன விவசாயக் குடும்பம். எறும்பை மிதிக்காத குலத்தில் பிறந்துவிட்டு இந்தக் காரியம் செய்யலாமா என்பதுதான் விமல்ராஜ் ஊரெல்லாம் கேட்ட கேள்வி. அதற்கு டாக்டர் கோபப்படவில்லை. எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம், அதற்காக என் நோயாளி ராத்திரி சாப்பிடக் கூடாது என்று தட்டைப் பிடுங்குவேனா என்று மட்டும் கேட்டார். பிறகு சொன்னார்:

"பதினெட்டு வயசு ஆன பொண்ணுக்கு அவ சம்மதம் ஒண்ணே போதும்னு சட்டம் சொல்லுதுங்க. புருஷன் கையெழுத்துகூட வேணாம். ஆனா அந்தச் சட்டம் என் கேட்டுக்கு உள்ளதான் இருக்கு. கேட் வரைக்கும் அவ நடந்து வரணுமே. அந்தத் தெருவ மட்டும் குடுங்க, போதும்."

தீர்மானம் நிறைவேறிவிடும் போலத்தான் இருந்தது. அப்போது, ஜெயித்து இத்தனை காலத்தில் வாயைத் திறக்காத தனம் எழுந்து நின்றாள். முந்தின நாள் தசரதன் சொல்லிக்கொடுத்தது ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அங்கே நின்றபோது அவள் பேசியது அவளுடைய சொந்தப் பேச்சு. தன் கைராசியையே குற்றம் என்று கூண்டில் ஏற்றுகிறார்கள் என்று அவளுக்கு மெய்யாகவே ரோஷம் வந்துவிட்டது.

"நான் ஜாஸ்தி படிக்காதவ. எனக்குச் சட்டம் தெரியாது, வளையல் தெரியும். வளையல் போடறது குத்தம்னா மொதல்ல என்னப் புடிச்சு உள்ள போடுங்க. இத்தன நாள்ல எந்தப் பொண்ணாவது வேணாம்னு சொல்லியிருக்காளா? ஒருத்தியக் காட்டுங்க பாக்கலாம்."

சொல்லி முடிக்கும்போதே வேணாங்க என்ற குரல் அவள் காதுக்குள் வந்தது. வந்த வேகத்தில், மற்ற கவுன்சிலர்கள் மேஜையைத் தட்டிய சத்தத்தில் அமுங்கிப்போயிற்று. தீர்மானம் தோற்றது. மறுநாள் பேப்பரில் அவள் படம் வந்தது. தசரதன் முதல் தடவையாக அவளைப் பற்றிப் பெருமையாக நாலு பேரிடம் பேசினான். டாக்டர் வெளியே போகும்போது அவளைக் கடந்துதான் போனார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட தனத்துக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அதற்குக் கொஞ்ச நாளில் ஓர் அம்மாள் தாம்பாளத்தோடு வீடு தேடி வந்தாள். வெள்ளையம்மாள் என்று பேர், அடி அண்ணாமலை. மருமகள் கவிநிலாவுக்கு ஏழாம் மாசம், இது இரண்டாவது, முதல் பிள்ளைக்கு வைக்க முடியவில்லை, அதனால் இப்போது வளைகாப்பு வைத்திருக்கிறோம், கவுன்சிலரம்மா கையால்தான் முதல் வளையல் என்றாள். தனத்துக்கு ஆளைத் தெரியவில்லை. வெள்ளையம்மாள் செல்போனை எடுத்து அந்தப் போட்டோவைக் காட்டினாள்.

"நீங்க போட்ட வளையல்தாம்மா. ஸ்டேட்டஸ்ல பாத்துதான் எங்களுக்கே சேதி தெரிஞ்சுது. கமுக்கமா இருந்துட்டா எங்க மருமவ" என்று சிரித்தாள்.

தனத்துக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. இத்தனை மாதமாக அவள் வெளியே சொல்லாமல் சுமந்துகொண்டிருந்தது அந்த விறைத்த கையைத்தான். இப்போது பார், பிள்ளை நல்லபடியாக வளர்கிறது, மாமியார் வாயெல்லாம் பல்லாக நிற்கிறாள், கூப்பிட்டு மரியாதை செய்கிறார்கள். எல்லாம் நல்லதுக்குத்தான் முடிந்தது என்று அவள் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். தேரடிக்குப் போய்த் தன் கையாலேயே வளையல் பொறுக்கி வாங்கினாள்.

அடி அண்ணாமலையில் வீட்டு வாசலை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். கவிநிலா நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். சென்னையில் கம்பெனி வேலையிலிருக்கும் புருஷன் இளவரசன், ஒன்றரை வயசுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். தனம் சந்தனம் பூசி, கையை எடுக்கக் குனிந்தாள். மணிக்கட்டில் அந்தக் கீறல் வெள்ளைக் கோடாக நின்றிருந்தது. கவிநிலா தானாகவே விரல்களைச் சேர்த்துக் கட்டை விரலை மடக்கிக் கொடுத்தாள். மேளச் சத்தத்தில் தனத்துக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அன்னிக்கு மாதிரி அமுக்க வேணாங்க. இப்ப நானே குடுக்கறேன்."

கை விறைக்கவில்லை. துவளவும் இல்லை. பிடித்த இடத்தில் அப்படியே கிடந்தது. அப்படி ஒரு கையைத் தனம் அதற்கு முன் பிடித்ததில்லை. வளையல்கள் ஒவ்வொன்றாகத் தடையில்லாமல் போயின. அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. வெயில் என்று சொல்லி யாரோ மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார்கள்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது தனம் அறைக்குள் போனாள். கவிநிலா தனியாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அன்னிக்கு ஏம்மா திரும்பிப் போயிட்டே என்று தனம் கேட்டாள். கேட்டிருக்கவே வேண்டாம். பதில் தெரிந்துகொண்டேதான் கேட்டாள். கவிநிலா கோபப்படுவாள், அழுவாள், அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு ஆசை.

கவிநிலா அழவில்லை. பக்கத்து வீட்டுச் சமாசாரம் சொல்கிற மாதிரி சொன்னாள். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணியிருந்தாள். அடுத்து ஓட்டமும் தாண்டலும் இருந்தன. வயசு வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. விடிவதற்கு முன் எழுந்து கிரிவலப் பாதையில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் நாள் தள்ளிப்போனது. இளவரசனிடம் போனில் பேசினாள். உன் இஷ்டம், அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றான். டாக்டரிடமும் முன்கூட்டியே போய்ப் பேசிவிட்டு வந்திருந்தாள்.

"அப்புறம் போட்டோ வந்துச்சு. ஊரே அவருக்கு வாழ்த்து சொல்லுச்சு. எல்லாருக்கும் தாங்க்ஸ் போட்டுட்டாரு. அதுக்கு மேல அவரால எப்படிங்க உன் இஷ்டம்னு சொல்ல முடியும்?"

"இன்னொரு நாள் போயிருக்கலாமே கண்ணு" என்றாள் தனம். சொன்ன வாயை அவளே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"போனேங்க. பந்தல்ல ஆளில்லாத நாளாப் பாத்துத்தான் போனேன். பேனர்ல நீங்க இருந்தீங்க. நானும் இருந்தேன், கையில வளையலோட. அதத் தாண்டி எப்படிங்க உள்ள போறது?"

கவிநிலா வளையல்களை மெதுவாக முழங்கைப் பக்கம் தள்ளி, கீறலைச் சொறிந்தாள். இதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், பாப்பா மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் வளர்ப்பேன் என்றாள். அவள் ஆறுதல் சொல்கிறாள் என்பதுதான் தனத்தால் தாங்க முடியாமல் இருந்தது. அதற்குள் வெள்ளையம்மாள் வந்து, இங்கேயா இருக்கீங்க என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், நுனி இலையில் உட்காரவைத்து, இனிப்பை இரண்டு தடவை பரிமாறினாள். தனம் தின்றாள். தின்னாமல் எழுந்தால் காரணம் சொல்ல வேண்டும்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஆட்டோவில் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். வெட்கம் என்றால் என்னவென்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. சின்ன வயசில் பட்டதும், கல்யாணத்தில் பட்டதும் வெட்கமே இல்லை. இது உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடினால் உள்ளங்கையில் இருந்தது. ஊரார் கைராசி என்று கண்ணில் ஒற்றிக்கொண்ட கை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஆரம்பித்துப் பார்த்தாள். எனக்கென்ன தெரியும், யார் கண்டது என்று சொல்லிப் பார்த்தாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது ஞாபகம் வந்தது. மன்றத்தில் எழுந்து, ஒருத்தியைக் காட்டுங்கள் என்று மார்தட்டியது ஞாபகம் வந்தது. காட்ட வேண்டிய ஒருத்தியை ஆளுயரத்துக்குப் பேனர் அடித்து மாட்டிவிட்டல்லவா அங்கே போய் அப்படிக் கேட்டிருக்கிறாள்.

ராத்திரி சாப்பாட்டில் தசரதனிடம் சொன்னாள். அந்தத் தீர்மானத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், இந்தத் தடவை தான் ஆதரித்துப் பேசப்போவதாகச் சொன்னாள். அவன் ரசத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான். தோற்ற தீர்மானத்தை உடனே எடுக்க மாட்டார்கள், ஆறு மாதமாவது ஆக வேண்டும் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அத நீயே கொன்னுட்டு நீயே அழுவியா? ஊரு சிரிக்கும் தனம். பேசாம இரு" என்றான்.

அவன் சொன்னதில் முதல் பாதி நிஜம்.

விமல்ராஜுக்கு அவளே போன் போட்டாள். அந்தப் பேனரை அவிழ்த்துவிடச் சொன்னாள். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். என்னக்கா இப்படி, தீபத்துக்குள்ள இதைவிடப் பெரிசா ஒண்ணு அடிக்கறோம் என்று சிரித்தார். அந்தப் பெண்ணின் முகத்தையாவது மறைத்துவிடுங்கள் என்றாள். அப்போது சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் தனம் பருத்திப் புடவை கட்டிக்கொண்டு தனியாக ஆட்டோ பிடித்தாள். லெட்டர் பேடும் இல்லை, தசரதனும் இல்லை. பந்தலில் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை. பேனரை அண்ணாந்து பார்த்தாள். மூங்கில் உச்சியில் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள், அவள் கைக்கு எட்டாது. ஏணி கேட்டாள். கவுன்சிலரம்மா விளையாடுகிறார் என்று அவர்கள் சிரித்தார்கள். அவள் தெருவைக் கடந்து போய் ஆஸ்பத்திரி கேட்டுக்கு இந்தப் பக்கமாக நின்றுகொண்டாள்.

அவளிடம் திட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மன்றம் கொடுக்காத நூறு மீட்டரை, தான் கெடுத்த நூறு மீட்டரை, இன்று ஒரு நாளாவது தானே கொடுத்துவிடுவது. வருகிறவளுக்கும் பந்தலுக்கும் நடுவில் நடந்து கேட்டில் விட்டுவிட்டு வருவது. ஒருத்தியையாவது அப்படி விட்டுவிட்டால் கையில் இருக்கிற இந்த எரிச்சல் கொஞ்சம் கம்மியாகும் என்று நினைத்தாள். அதிலும் தன் எரிச்சலைத்தான் முதலில் நினைத்தாள் என்பது அவளுக்கே உறைத்தது. இருந்தாலும் நின்றாள்.

வெயில் ஏறியபோது ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும். ஜவுளிக்கடையில் வேலை செய்கிறவர்கள் கட்டும் ஒரே நிறச் சீருடைப் புடவை, தோளில் ஒரு பை. தெருமுனையிலேயே நடை தயங்கியது. பந்தல் பெண்கள் தட்டோடு எழுந்தார்கள். தனம் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு அவர்களுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"யாரும் கிட்ட வராதீங்க. உக்காருங்க" என்றாள்.

அவள் குரலில் அப்படி ஒன்றை அவர்கள் கேட்டதில்லை. எழுந்தவர்கள் எழுந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். தனம் திரும்பினாள். அந்தப் பெண்ணை நோக்கி நாலு எட்டு வைத்து, பயப்படாதீங்க, துணைக்குத்தான் வரேன் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பேனரைப் பார்த்தாள். திரும்பவும் அவளைப் பார்த்தாள். இரண்டு கையும் சட்டென்று முந்தானைக்குள் போயின. உள்ளே விரல்களை மடக்கி இறுக்கிக்கொள்கிறாள் என்பது துணிக்கு மேலேயே தனத்துக்குத் தெரிந்தது.

என்ன சொன்னாலும் சொல்கிறவள் அந்த முகம்தானே. அவள் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒரு எட்டு, இன்னொரு எட்டு என்று பின்வாங்கி, சாக்கடையோரச் சுவரில் முதுகு இடிக்கும்வரை போய், தலையைக் குனிந்துகொண்டாள்.

செருப்புச் சத்தம் தெருவின் மறு ஓரமாகவே அவளைக் கடந்து போயிற்று. தனம் நிமிர்ந்து பார்த்தபோது அந்தப் பெண் கேட்டருகே போய்விட்டிருந்தாள். கையை வெளியே எடுக்காமலே, தோளால் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.